நாழிகை நாதத்தை வேரோடு பிடுங்கிய நல்லசிவம்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மோர்க்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, நல்லசிவம் ஒரு முடிவுக்கு வந்தார். இன்று அதை வேரோடு பிடுங்கிவிடுவது. இலையைக் கிள்ளுவது இல்லை. கிளையை வெட்டுவது இல்லை. வேரோடு.

பிடுங்க வேண்டியது மரம் அல்ல. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த ஒரு பஞ்சாங்கம். அதன் பெயர் நாழிகை நாதம்.

நல்லசிவம் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் உதவியாளர். டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் முதல் மாடியில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருபத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தாமதம் என்று ஒரு சிவப்புக் கோடு விழுந்தது கிடையாது. பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. மேஜை விசிறி ஒரு முறை கையை விட்டுப் போயிருக்கிறது. சிவப்புக் கோடு மட்டும் விழவில்லை. மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொத்தைக் காப்பாற்றியது காலை எட்டு முப்பத்தைந்துக்கு வரும் சார்ட்டர்ட் பஸ். காலனிக்காரர்கள் மாதச் சந்தாவில் ஏறும் பஸ். அதை விட்டால் மூன்று பஸ் மாறி, இரண்டு இடத்தில் நசுங்கி, பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேர முடியும்.

அந்தப் பஸ்ஸுக்கும் அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்கும் நடுவில் எப்போதும் ராகு காலம் நின்றது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு. புதன்கிழமை ஏழரை முதல் ஒன்பது எமகண்டம். ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் அப்படித்தான் போட்டிருக்கும். அந்த நேரத்தில் வாசல்படி தாண்டக்கூடாது. ஆகவே அந்த இரண்டு நாளும் நல்லசிவம் ஏழு இருபத்தைந்துக்கே வீட்டை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாப்பில் எழுபது நிமிஷம் நிற்பார். பத்தொன்பது வருஷம் நின்றார். லீவு நாட்களைக் கழித்து அவர் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராவும் பகலுமாக எண்பத்தாறு நாள் தாம் அந்தக் கம்பத்தடியில் நின்றிருப்பது தெரிந்தது. அந்தக் கம்பமே இவ்வளவு காலம் நின்றதில்லை. நடுவில் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் போன கார்த்திகையில், தமிழ்ச் சங்கத்துக் கண்காட்சியில், நாழிகை நாதம் என்ற சிடியை அவரே வாங்கிக்கொண்டு வந்தார். ஆமாம், அவரே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானைக்கு யாராவது கற்றுக்கொடுக்கிறார்களா?

நாழிகை நாதம் ஊர்க் காலண்டர் மாதிரி ஆறு மணிச் சூரியனை நம்புவதில்லை. டெல்லிச் சூரியன் எப்போது எழுந்திருக்கிறான் என்று கேட்டு அதன்படி கணக்குப் போடும். மார்கழியில் டெல்லிச் சூரியன் ஏழே காலுக்குத்தான் எழுந்திருப்பான். ஆகவே ராகு காலம் எட்டரைக்குத்தான் தொடங்கியது. நல்லசிவம் எட்டு இருபதுக்கு மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினார். அந்த ஒரு மாதம் அவர் ராஜாவாக வாழ்ந்தார்.

தை பிறந்தது. ராஜலக்ஷ்மிக்கு வழி பிறந்தது. திரையின் ஓரத்தில் வேறு சில பொத்தான்கள் இருப்பதைக் கண்டுபிடித்தாள். கௌரி என்று ஒன்று. ஹோரை என்று ஒன்று. தியாஜ்யம் என்று ஒன்று. ராகுவோடு சேர்த்து நாலு. நாலும் ஒரே நேரத்தில் நல்லது என்று சொன்னால்தான் இனி வாசல்படி தாண்டலாம். நாலு அமைச்சகம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நல்லசிவம் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. நாலு கிரகக் கணக்கு மட்டும் ஒத்துப்போகுமா?

மாசி வரை எப்படியோ இடுக்கில் நுழைந்து வெளியேறினார். பங்குனி பிறந்ததும் இடுக்கு மூடிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் தாமதம். புதன்கிழமை இரண்டாவது. அந்தப் புதன்கிழமைக் காலையில் வீட்டுக்குள் நடந்த பேச்சு இது:

"பையத் தூக்கிட்டிய, எங்க?"

"ஆபீசுக்கு."

"எமகண்டம் நடக்குல்லா. ஏழு அம்பத்தாறுலேருந்து ஒன்பது இருபத்தேழு வரைக்கும்."

"அதுக்கு முன்னாடி ஏழு அம்பதுக்குக் கெளம்புதேன்னு சொன்னேன். அப்பவும் நீ விடல."

"அப்பக் கௌரில விஷம்."

"ஏழரைக்கு?"

"தியாஜ்யம்."

"சரி, ஏழு மணிக்கு?"

"ஏழு மணிக்கு நீங்க குளிச்சிக்கிட்டு இருந்திய. சும்மா நிக்காம அந்த டிரம்முல தண்ணியப் பிடிங்க. ஒன்பதுக்கு நின்னுரும்."

"கெட்ட நேரம்னு சொன்ன?"

"வெளிய போறதுக்குத்தான் கெட்ட நேரம். தண்ணி பிடிக்கிறதுக்கு எந்தச் சாஸ்திரத்துல தடை போட்டிருக்கு?"

நல்லசிவம் இரண்டு டிரம்மையும் நிரப்பிவிட்டு, மூன்று பஸ் மாறி, பத்து இருபதுக்கு ஆபீஸ் சேர்ந்தார். பிரிவு அதிகாரி கோபப்படவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டார். "நல்லசிவம்ஜி, மாதத்தில் இரண்டு தாமதம் மன்னிப்பு. மூன்றாவது சிவப்புப் பேனா. விதி அப்படி," என்று ஹிந்தியில் அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் அதிகம் சுட்டது.

விடிந்தால் திங்கட்கிழமை.

இந்த வாரம் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாக நினைக்கவேண்டாம். திங்கள் மாலையே, அமுக்கினால் மணி அடித்துப் பஞ்சாங்கத்தைத் திறக்கும் கோயில் மணிப் படத்தைத் திரையிலிருந்து அழித்தார். பஞ்சாங்கம் ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார். காலையில் ராஜலக்ஷ்மி வேறு ஒரு மூலையில் அமுக்கினாள். டணார் என்று மணி அடித்தது. புதன் மாலை, கம்ப்யூட்டருக்குள் நாழிகை நாதம் என்று பெயர் போட்ட ஃபோல்டர் டப்பாவையே தேடிப் பிடித்து அழித்தார். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் ஏதோ இங்கிலீஷில் முனகியது. அவள் மாடி வீட்டு அருள்ராஜைக் கூப்பிட்டு, சிடியை மறுபடி போட்டுக்கொண்டாள். போட்டு முடித்ததும் சிடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அருள்ராஜ் நாகர்கோவில்காரன். அதே அமைச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. அதே பஸ். சனிக்கிழமை மாடிப்படியில் வைத்து நல்லசிவம் அவனிடம் காதோடு காதாகக் கேட்டார்.

"அதை அடியோட ஒழிக்க வழி உண்டாடே?"

"உண்டு அண்ணாச்சி. படத்த அழிச்சாலும் டப்பாவ அழிச்சாலும் போவாது. கண்ட்ரோல் பேனல்னு ஒண்ணு இருக்கு. அதுல போயி, எடுன்னு சொன்னாத்தான் எடுக்கும்."

"நீ கீழ வந்து செஞ்சு குடேன்."

"நான் வந்து கை வெச்சா அக்காவுக்குத் துரோகம். வியாழக்கிழமைதான் அவங்க கையால அதிரசம் தின்னேன். நீங்க மேல வந்து கேளுங்க, வாயால சொல்லுதேன். அது பாவத்துல சேராது."

ஞாயிறு பகல் இரண்டரைக்கு ராஜலக்ஷ்மி லக்ஷ்மிபாய் நகருக்குக் கிளம்பினாள். அங்கே பஜனை மண்டலிப் பெண்களுக்குத் திருப்புகழ் ஒத்திகை. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் பத்து நாள். "கதவச் சாத்திக்கோங்க. நாலரைக்கு வந்திருவேன்," என்றாள். அவள் ஏறிய ஆட்டோ வளைவில் திரும்பும் வரை நல்லசிவம் பால்கனியில் நின்று பார்த்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தலைப்பு எழுதினார்: 'பொருள்: நாழிகை நாதம் - முழு நீக்கம்.' தேதி போட்டார். ஆரம்ப நேரம் போட்டார். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரின் உறையை எடுத்தார்.

கண்ட்ரோல் பேனலுக்குள் போய், பெயரைக் கண்டுபிடித்து, எடு என்றார். கம்ப்யூட்டர் எடுக்கவில்லை. கேள்வி கேட்டது. இந்தச் செயலியையும் அதன் எல்லா உறுப்புகளையும் முழுவதும் நீக்க விரும்புவது உறுதிதானா?

நல்லசிவம் அதை மூன்று முறை படித்தார். எல்லா உறுப்புகளும் என்றால் எத்தனை? எண்ணிக்கை குறிப்பிடாத சரக்குக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. நோட்டில் கேள்வியை எழுதிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினார்.

அருள்ராஜ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உறுதிதானான்னு கேக்குது."

"உறுதின்னு சொல்லுங்க."

"எத்தனை உறுப்புன்னு சொல்லல."

"அண்ணாச்சி, அது ஜவுளி இல்ல, எண்ணி வாங்க. யெஸ் குடுங்க."

இறங்கினார். யெஸ் கொடுத்தார். அடுத்த கேள்வி வந்தது. இந்தக் கோப்பு பொதுவில் உள்ளது. வேறு செயலிகளும் இதைப் பயன்படுத்தக்கூடும். நீக்கலாமா? சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லவும்.

பொதுக் கோப்பு. நல்லசிவத்துக்கு வியர்த்தது. பல துறைகள் பார்க்கும் கோப்பை ஒரு துறை தன்னிச்சையாக அழிப்பதா? மற்றவர்களின் இசைவு எங்கே? மறுபடி ஏறினார். இறங்கினார். அந்தக் கோப்பு போனதும் இன்னொரு பொதுக் கோப்பு வந்தது. மறுபடி ஏறினார். ஏழாவது முறை ஏறியபோது அருள்ராஜின் மனைவி உஷாராணி கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். பத்தாவது முறை மோர் கொடுத்தாள். பதினான்காவது முறை, அருள்ராஜ் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"இன்னும் கேக்குதா?"

"கேக்குது. இது என்னமோ எழுத்து கிழுத்துன்னு போட்டிருக்கு. பொதுக் கோப்புதான்."

"கீழ ஓரத்துல எல்லாத்துக்கும் யெஸ்னு ஒரு பொத்தான் இருக்கும். அத அமுக்குங்க."

"எல்லாத்துக்குமா? ஒவ்வொண்ணாப் பாக்காமலா?"

"உங்களுக்கு வேரோட போவணுமா, வேண்டாமா? ஆறு பந்துல நாலு ரன் வேணும் அண்ணாச்சி. போங்க, ஜல்தி."

வாழ்நாளில் முதல் தடவையாக நல்லசிவம், படிக்காத காகிதங்களுக்கெல்லாம் மொத்தமாக ஒப்புதல் கொடுத்தார். கம்ப்யூட்டர் விர்ரென்று வேலை செய்தது. நீக்கம் நிறைவுற்றது என்று சொன்னது. அவர் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அணைத்தார். மறுபடி போட்டார். மணி அடிக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி இல்லை.

நோட்டில் எழுதினார்: 'நீக்கம் முடிவு: பிற்பகல் 3.56. மாடி ஏறியது: 14 முறை.' கீழே கோடு போட்டார். தாமே டீ போட்டுக் குடித்தார். டம்ளரைக் கழுவியும் வைத்தார். நாளை எட்டு முப்பத்தைந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை நினைத்துப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தோடு, மண்டலிப் பட்டியலை ஆறாவது தடவையாகச் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

அந்தப் பட்டியல் சாமான்யமானது அல்ல. உத்திரத்தன்று அன்னதானத்துக்கு நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களில் யார் எதைச் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்கிற பட்டியல். போன வருஷம் பட்டியல் கிடையாது. நூற்றுப் பத்துப் பேர் புளியோதரை கொண்டுவந்தார்கள். வெறும் சோறு கொண்டுவந்தவர்கள் ஆறு பேர். ரசம் ஒரே ஒருவர், அதுவும் ஃப்ளாஸ்கில். சாப்பிட வந்தவர்கள் மூன்று நாள் தண்ணீர் குடித்தார்கள். அதனால் இந்த வருஷம் நல்லசிவம் இரண்டு மாதம் உழைத்து, தமிழில், தம் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே அடித்திருந்தார். அடித்து முடித்ததும், கையால் எழுதி வைத்திருந்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைப்பது ஒழுங்கல்ல என்பது அவர் கொள்கை. திங்கள் பகல் பதினொரு மணிக்கு மண்டலிச் செயலாளர் பாலசுப்ரமணியம் வந்து, பிரதியை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

பட்டியலைத் திறந்தார்.

தமிழைக் காணவில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. சில எழுத்துகளுக்கு மேலே இரண்டு பொட்டு. சிலதுக்கு வால். கேள்விக்குறிகள் தலைகீழாகத் தொங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைத் துடைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று குடும்பமும் ஏதோ குளிர்நாட்டுப் பாஷையில் எதையோ சமைத்துக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தன.

பதினைந்தாவது முறை மாடி ஏறினார்.

"அண்ணாச்சி," என்றான் அருள்ராஜ். மேட்ச் தோற்றிருந்தது. "கம்ப்யூட்டர் பொறக்கும்போதே தமிழ் தெரிஞ்சு பொறந்துதா? அந்தத் தமிழ் எழுத்தப் பஞ்சாங்கம்லா கூடக் கொண்டுவந்துது. அந்த எழுத்துலதான் நீங்க பட்டியல் அடிச்சிருக்கிய. பஞ்சாங்கத்தப் போன்னு சொன்னிய, அது எழுத்தையும் கூட்டிட்டுப் போயிட்டு. வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணும்போது பல்பக் கழட்டிட்டுப் போற மாதிரி."

"நீதானடே எல்லாத்துக்கும் யெஸ் குடுக்கச் சொன்ன?"

"வேரோடன்னு நீங்கதான கேட்டிய?"

"இப்ப என்ன வழி?"

"சிடியத் திரும்பப் போட்டா எழுத்து வந்திரும். பட்டியலும் பழையபடி படிக்கலாம். பத்து நிமிஷ வேல. சிடி எங்க இருக்கு?"

நல்லசிவம் படி இறங்கினார். சிடி பீரோவில் இருந்தது. சாவி லக்ஷ்மிபாய் நகரில் திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு ராஜலக்ஷ்மி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கழுவி வைத்த டம்ளரைப் பார்த்தாள். உறை இல்லாத கம்ப்யூட்டரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"என்ன, முகம் வெளுத்துப் போயி நிக்கிய?"

"ஒண்ணுமில்ல. பீரோ சாவியக் கொஞ்சம் குடு."

"என்னத்துக்கு?"

"ஒரு சிடி எடுக்கணும்."

"எந்த சிடி?"

"அதான். மணி அடிக்குமே."

ராஜலக்ஷ்மி மேஜையில் கிடந்த நோட்டைப் பிரித்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம் தேதி, நேரம், படி எண்ணிக்கையோடு நல்லசிவத்தின் முத்தான கையெழுத்தில் இருந்தது.

"முடிவு மூணு அம்பத்தாறு," என்று படித்தாள். "அப்பக் குளிகைலா."

"இருந்தா என்ன?"

"குளிகைல செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். நக வாங்கலாம், நெலம் வாங்கலாம். கெட்டதத்தான் செய்யக்கூடாது. பொணத்தக்கூட அந்நேரம் எடுக்க மாட்டாங்க. நீங்க அழிச்சிருக்கிய."

"அழிச்சது தப்புதான். சாவியக் குடு ராஜி. நாளைக்குப் பதினொண்ணுக்குப் பாலசுப்ரமணியம் வந்து நிப்பார். பட்டியல் இல்லன்னா மறுபடியும் நூத்திப் பத்துப் புளியோதரை."

"தாரேன். யாரு வேண்டாம்னா? ஆனா இப்பப் போட்டா, திரும்பத் திரும்ப அழியும், திரும்பத் திரும்பப் போடணும். குளிகை அஞ்சு ரெண்டு வரைக்கும் இருக்கு. பொறவு ராகு, ஆறு முப்பத்தஞ்சு வரைக்கும். அதுக்கப்புறமும் உங்க ராசிக்குச் சந்திராஷ்டமம் விடியற வரைக்கும் இருக்கு, புதுக் காரியம் ஒண்ணும் தொடங்கக்கூடாது."

நல்லசிவத்துக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"நீ எப்படிச் சொல்லுத? அதான் பஞ்சாங்கமே போயிட்டே."

ராஜலக்ஷ்மி சமையலறைக்குப் போய், மளிகைச் சாமான் எழுதும் நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் பிரித்தாள். பங்குனி மாதம் முழுவதும், நாள்வாரியாக, நாலு கட்டம் போட்டு, பென்சிலால் எழுதியிருந்தாள்.

"மிஷின நம்பி எவளாவது குடும்பம் நடத்துவாளா? கரண்ட் போனா என்ன செய்ய? சித்திரையும் பாதி எழுதியாச்சு."

நல்லசிவம் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து முறை ஏறி இறங்கிய முழங்கால் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"சரி. நல்ல நேரம் எப்ப?"

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல ஒன்பது இருபத்தெட்டுலேருந்து ஒன்பது அம்பது. நாலும் சேர்ந்து வருது. இந்த மாசத்துலயே இப்படி ஒரு நேரம் கெடையாது."

"பஸ் எட்டு முப்பத்தஞ்சுக்கு."

"தெரியும்."

"நான் பஸ்ஸுல போயிருதேன். சிடிய நீயே போட்டுரு."

"எனக்கு அமுக்கத்தான் தெரியும். போடத் தெரியாது."

"அருள்ராஜு?"

"தம்பியும் அதே பஸ்ஸுலதான போவுது."

"ஒன்பது அம்பதுக்கு மேல நான் கெளம்பினா மூணாவது தாமதம். சிவப்புப் பேனா."

"அப்ப லீவு போடுங்க. லீவுக்குச் சிவப்புப் பேனா உண்டா?"

கிடையாது. முன்கூட்டி எழுதிக் கொடுத்த தற்செயல் விடுப்பு கௌரவமானது. நீல மையில் இரண்டெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். வருஷத்துக்கு எட்டு நாள் உண்டு. நல்லசிவம் ஒரு பக்கம் அந்த எட்டில் ஒன்றை வைத்தார். மறுபக்கம் இருபத்தொன்பது வருஷத்தை வைத்தார். நடுவில் நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களை நிறுத்திப் பார்த்தார். ஒன்றைக் கொடுப்பதே லாபம் என்று பட்டது. லெட்டரை அருள்ராஜிடம் கொடுத்தனுப்பலாம். கோடு விழாது. பட்டியல் வரும். தோல்வியிலும் ஒரு கணக்கு சரியாக இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

சுவரில் மணி பார்த்தார். நாலு ஐம்பது.

இனி இந்த வீட்டில் ஒன்றையும் நேரம் பார்க்காமல் செய்வதில்லை என்ற பணிவோடு சொன்னார்: "சரி, ஆறு முப்பத்தஞ்சுக்கு மேல, ராகு காலமெல்லாம் கழிஞ்ச பொறவு, லீவு லெட்டர் எழுதுதேன்."

ராஜலக்ஷ்மி வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இல்ல, இப்பவே எழுதுங்க. குளிகை முடிய இன்னும் பன்னெண்டு நிமிஷந்தான் இருக்கு."